எங்கள் மலைக் காவலரை மறுபடி வேலைக்கு வையுங்கள்

தொல்லியல் சின்னங்களுக்கு எவ்வளவு பணம் என்று பட்ஜெட்டில் முடிவு செய்கிறவர்களுக்கும், அந்தப் பணத்தில் எந்த மலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறவர்களுக்கும்,

எங்கள் ஊர் மலையில் 14 வருஷம் காவலாக இருந்தவரை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். நிதி ஒதுக்கீடு குறைந்ததால் தினக்கூலிப் பணியாளர் விடுவிக்கப்பட்டார் என்று ஒன்றரை வரியில் பதில் வந்தது. அந்தக் காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் மதுரை மாவட்டத்தில் ஒரு மலையடிவார ஊரில் பிறந்தவள். அதே ஊரின் நடுநிலைப் பள்ளியில் 22 வருஷமாக ஆசிரியை. ஊரின் பெயரையும் மலையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் வேலை போன அந்த மனிதருக்கு மேலும் சிக்கல் வரும், கீழ்மட்டத்தில் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பணியாளர்களின் தலையில் பழி விழும். மலை மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறதா, மாநில அரசின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே காரணத்துக்காகச் சொல்லவில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சரி, 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் சரி, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால் அதைக் காப்பது அரசின் கடமை என்றுதான் சொல்கின்றன. எனவே இரண்டு பேரையும் சேர்த்தே கேட்கிறேன்.

மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம், கருங்காலக்குடி, கீழவளவு, திருவாதவூர், வரிச்சியூர் என்று எத்தனையோ ஊர்களின் மலைகளில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள் இருக்கின்றன. எங்கள் மலையும் அதே வகைதான். மேலே ஏறினால் ஒரு பொடவு, அதாவது பாறைக் குகை, உள்ளே வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள். பாறை முகப்பில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம், அதன் அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் மூன்று வரி. ஊரில் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சிற்பத்துக்கு ஆடி மாதம் மாலை போடுகிறவர்களும் உண்டு. எந்தச் சாமி என்று தெரியாமலேயே எங்கள் பாட்டி காலத்திலிருந்து கும்பிட்டு வந்திருக்கிறோம்.

அங்கே காவலுக்கு இருந்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா முறை. அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பில் ‘காவலர்’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் இல்லாவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும்.

குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க, அந்தக் காலத்திலேயே நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறை மேலிருந்து வரும் தண்ணீர் அந்த விளிம்பில் தடைபட்டுச் சொட்டிவிடும், கல்வெட்டின் மேல் வழியாது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் யோசித்த பொறியியல் அது. ஆனால் காடியில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காடியைத் தாண்டி எழுத்தின் மேல்தான் இறங்கும். அண்ணன் ஐப்பசி மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, கையாலேயே சருகை அள்ளிப் போடுவார். விளக்குமாறு வைத்துக்கூடத் தேய்க்க மாட்டார். தேய்க்கக் கூடாது என்று பல வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு அதிகாரி சொன்னாராம், அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

அப்புறம் அரசங்கன்று. பறவை எச்சத்தில் விழுந்த விதை பாறை வெடிப்பில் முளைக்கும். விரல் நீளத்தில் இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு வருஷம் விட்டால் வேர் உள்ளே போய்க் கல்லைப் பிளக்கும். அதன் பிறகு மரத்தை வெட்டினால் போதாது, வேரைச் சாகடிக்க மருந்து வேண்டும், பிளவை அடைக்க நிபுணர் வேண்டும், டெண்டர் வேண்டும். அண்ணன் வாரம் ஒருமுறை மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், வரும்போது கையில் நாலைந்து கன்று இருக்கும். ‘இன்னைக்கு அறுவடை இவ்வளவுதான் டீச்சர்’ என்று காட்டுவார்.

அடிவாரத்தில் உங்கள் செலவிலேயே ஒரு சின்னப் பூங்கா போட்டீர்கள். கம்பி வேலி, நாலு கல் பெஞ்சு, ஒரு சின்டெக்ஸ் தொட்டி, வேப்பங்கன்றுகள். அந்தக் கன்றுகளுக்குக் கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதும் அவர்தான். அது அவர் வேலையே கிடையாது. இப்போது தொட்டியின் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கன்றுகளில் பாதி காய்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அங்கே பாட்டில் திறக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பவே பயமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் அவருக்கு நீங்கள் கொடுத்த தினக்கூலி, ஊரில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர் வாங்குவதைவிடக் குறைவு. அதுவும் மூன்று மாதம் சேர்த்துத்தான் வரும்.

‘நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு போன்ல சொல்லிட்டாங்க டீச்சர்’ என்று பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சொன்னார். பார்வையாளர் பெயர் எழுதுகிற நோட்டைக் கையில் வைத்திருந்தார். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் அது எங்கள் பள்ளியில்தான் இருக்கிறது.

அவர் போய் ஏழு வாரம் கழித்து ஏழாம் வகுப்பை மலைக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு வருஷமும் போவதுதான். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன், அதை வைத்துக்கொண்டு அவர்களே ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கல்வெட்டும் இந்தப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகள் பலவற்றைப் போல ‘செய்வித்த திருமேனி’ என்றுதான் முடியும். இன்னார் செய்வித்த சிற்பம் என்று பொருள். கடைசிச் சொல்லைப் படித்து முடிக்கிறவருக்கு அண்ணன் மடியிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்.

இந்த முறை ஒரு மாணவி விரலைக் கல்லில் படாமல் எழுத்துக்கு மேலாகவே நகர்த்திக்கொண்டு வந்தாள். ‘தி... ரு...’ என்று படித்தவள் நின்றுவிட்டாள். அட்டவணையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். ‘டீச்சர், திருமேனியில மேயைக் காணோம்’ என்றாள்.

உண்மையிலேயே காணோம். ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் ஒரு இதயம். சாவியாலோ ஆணியாலோ கீறவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு வந்து, அவசரமே இல்லாமல் நிதானமாக வெட்டியிருக்கிறார்கள். ‘மே’ இருந்த இடத்தில் இதயத்தின் கீழ்முனை இருக்கிறது. வெட்டிய இடம் மட்டும் வெள்ளையாக, புதுக்கல்லாகத் தெரிகிறது. உளிச்சத்தம் அடிவாரம் வரை கேட்கும். ஒரு ஆள் இருந்திருந்தால் முதல் அடியிலேயே விசில் ஊதியிருப்பார்.

சிற்பத்தின் மார்பில் நீல எனாமல் பெயிண்டில் ஒரு செல்போன் எண். படுக்கையில் உடைந்த பாட்டில். காடியில் சருகு நிரம்பிக் கிடந்தது. அந்தச் சருகை அள்ள எனக்கும் கை துறுதுறுத்தது. ஏணி இல்லை, முறையும் தெரியாது, கை வைத்து வேறு எதையாவது கெடுத்துவிடுவேனோ என்ற பயம்.

பெயிண்டை நிபுணர் வந்து எடுத்துவிடுவார். பாட்டிலைப் பொறுக்கிவிடலாம். அந்த எழுத்தை எந்த வருஷத்துப் பட்ஜெட்டில் வாங்கித் தருவீர்கள்?

ஒரு எழுத்துதானே என்று நினைக்க வேண்டாம். மாங்குளம் கல்வெட்டை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் 1882இல் பார்த்தார். என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. இதே போன்ற குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு ஐராவதம் மகாதேவன் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் எழுத்தெழுத்தாக உட்கார்ந்து வாசித்தார்கள். கணி நந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி கொட்டுவித்த பள்ளி, அதாவது வெட்டிக் கொடுத்த உறைவிடம் அது என்று தெரிந்தது. சங்கப் பாட்டில் நாம் படிக்கிற ஒரு பாண்டியப் பெயர் கல்லிலேயே கிடைத்தது. சீவல் பார்த்ததற்கும் ஐயர் சொன்னதற்கும் நடுவில் 42 வருஷம். அந்த 42 வருஷத்தில் எவனாவது ஒருவன் உளியோடு மலை ஏறியிருந்தால்? புரியாத எழுத்தாகவே இருந்தும் அது அப்படியே கிடந்ததால்தானே பின்னால் வந்தவர்களால் படிக்க முடிந்தது!

கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு சிற்பத்தின் கீழ் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஒரு அம்மா, துறவியாகப் போன தன் மகனின் பெயரோடு தன் பெயரையும் கல்லில் விட்டுப் போயிருக்கிறார். மதுரை மலைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு எத்தனையோ ராஜா கதை இருந்தாலும், வகுப்பு அமைதியாவது குணமதியார் பெயரைச் சொல்லும்போதுதான். ‘அவங்க பேரு மட்டும்தான் டீச்சர் மிச்சமா?’ என்று போன வருஷம் ஒருவன் கேட்டான். ஆமாம், கல்லில் அந்த ஒரு வரிதான் மிச்சம்.

இனி பணத்தைப் பற்றி. 2022இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றின் முன் சொல்லப்பட்ட கணக்கு இது. மத்திய அரசின் பாதுகாப்பில் 3,693 சின்னங்கள் இருந்தன. காவலுக்கு 7,000 பேர் தேவை. பட்ஜெட் போதாததால் 248 இடங்களில் 2,578 பேரை மட்டுமே போட முடிந்தது. நூற்றுக்கு ஏழு இடத்தில்கூடக் காவல் இல்லை. அதே குழு, காணாமல் போன சின்னங்கள் என்று ஒரு கணக்கையும் பார்த்தது. 14 சின்னங்கள் நகரம் பெருகியதில் போயின, 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கின, 24 எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. அவற்றில் 18 சின்னங்களை 2024இல் பட்டியலிலிருந்தே எடுக்க முடிவு செய்தார்கள். காவல் போடாமல் விட்ட சின்னம் ஒரு நாள் பட்டியலிலிருந்தும் போய்விடும். அதன் பிறகு அதற்கு நிதி கேட்கவும் ஆள் இருக்காது.

மாநில அரசைப் பார்த்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் அகழாய்வுகளுக்கு 7 கோடி ரூபாய் அறிவித்தீர்கள். மனதார மகிழ்ந்தேன். கீழடி அருங்காட்சியகத்தை 2023இல் திறந்ததும் அடுத்த மாதமே பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஒரு பானை ஓட்டில் கீறிய பெயரைக் கண்ணாடிக்குப் பின்னால், விளக்குப் போட்டு, அவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள். அதே காலத்தின் எழுத்து மலைகளில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அதற்குக் கண்ணாடி கேட்கவில்லை. ஒரு ஆளைக் கேட்கிறேன். தோண்டி எடுப்பதற்குச் செலவு செய்கிறீர்கள், நல்லது, செய்யுங்கள். தோண்டாமலே கண்முன் நிற்பதை எதற்காகக் கைவிடுகிறீர்கள்?

2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது அரிட்டாபட்டியைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த இரண்டு மாதமும் எல்லா மேடையிலும், மத்தியிலிருந்து வந்தவர்கள் உட்பட, எல்லாக் கட்சிக்காரர்களும் குகைக் கல்வெட்டு என்றார்கள், சமணர் படுக்கை என்றார்கள், பாண்டியர் குடைவரை என்றார்கள். பேசினது முழுக்க உண்மை. 2022லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த மலை அது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். சுரங்கம் வரும் நாளில் எங்கள் மலைகள் உங்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. சுரங்கம் வராத சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் அவை அதே மலைகள்தான்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், அலுவலகத்தில் சிலதைக் கேட்டும்விட்டேன். கேமரா போடலாம் என்றார்கள். மலை மேல் கரண்ட் இல்லை. சோலாரில் ஓடினாலும், கேமரா அரசங்கன்றைப் பிடுங்காது, விசில் ஊதாது, நடந்ததை மறுநாள் காட்டும். தன்னார்வலர்கள் இருக்கிறார்களே என்றார்கள். இருக்கிறார்கள். பசுமை நடை போன்ற அமைப்புகள் வருஷக்கணக்காக மக்களை இந்த மலைகளுக்குக் கூட்டி வருகின்றன, என் போன்ற ஆசிரியர்களே அவர்களிடமிருந்து கற்றிருக்கிறோம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். உளி எடுத்துக்கொண்டு வருகிறவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதில்லை. தனியார் நிறுவனங்கள் சின்னங்களைத் தத்தெடுக்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். டிக்கெட் கவுண்டர் இல்லாத, பஸ் நிற்காத, பலகையில்கூடப் பெயர் அழிந்துபோன மலையை எந்த நிறுவனம் தேடி வரும்? வருமானம் வராத இடங்களைக் காப்பதற்குத்தான் வரிப்பணம் இருக்கிறது. எங்கள் ஊரில் பருத்தி எடுக்கிற பெண்ணும் தீப்பெட்டி வாங்கும்போது வரி கட்டுகிறாள்.

எனவே நான் கேட்பவை இவை.

முதலில் காவலர். எங்கள் மலைக்கு அதே மனிதரை, இந்த நிதியாண்டு முடிவதற்குள், திரும்ப வேலையில் சேருங்கள். பகலுக்கு அவர், இரவுக்கு இன்னொருவர். நிரந்தரம் இப்போது முடியாது என்றால் மாதம் தவறாமல் சம்பளம் வருகிற ஒப்பந்தமாவது போடுங்கள். எங்களைப் போல ஆள் நிறுத்தப்பட்ட மற்ற ஊர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். ஊர்க்காரரையே போடுங்கள். மலையில் எந்தப் பொடவில் தேன்கூடு இருக்கிறது, எந்தப் பக்கம் ஆட்கள் ஒளிந்து ஏறுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்துக்கும் காவலர் இருக்கிறாரா இல்லையா, கடந்த 5 ஆண்டுகளில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று மாவட்டவாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். குறைப்பதாக இருந்தால், எந்த இடத்தில் எதைக் குறைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே அந்த ஊராட்சிக்குத் தெரிவியுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த ஏழு வாரமும் ஊரிலிருந்து முறை வைத்தாவது காவல் இருந்திருப்போம்.

அப்புறம், சருகு அள்ள, கன்று பிடுங்க, வேலியைச் சரிசெய்ய ஒவ்வொரு சின்னத்துக்கும் சின்னதாக ஒரு பராமரிப்புத் தொகையை உள்ளூர்ப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். சென்னைக்கோ டெல்லிக்கோ கோப்பு போய் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடுகிறது. இந்த வருஷத்து வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எங்கள் காடி சுத்தமாக வேண்டும். முறை தெரிந்த ஒருவர் வந்து ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும், ஏணியை ஊரே தரும்.

பெயிண்டை எடுக்கத் தொல்லியல் வேதியியல் தெரிந்தவரை அனுப்புங்கள். ஒப்பந்தக்காரரிடம் தின்னரும் கம்பி பிரஷும் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். இருக்கிற எழுத்துகளைக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் மைப்படியாகவும் முப்பரிமாண ஸ்கேனாகவும் உடனே பதிவு செய்யுங்கள், எங்கள் மலையில் மட்டும் இல்லை, காவல் இல்லாத எல்லா மலைகளிலும். ‘மே’ போய்விட்டது. ‘திரு’வும் ‘னி’யும் இன்னும் இருக்கின்றன.

மனு எண்ணோடு இந்த மடலின் நகலை உங்கள் அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 30 நாளுக்குள் பதில் வேண்டும். பதிலைப் பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள். காவலர் திரும்ப வரும் நாளில் ஒப்படைப்பதற்காக அந்தப் பார்வையாளர் நோட்டைத் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்து மலையடிவாரப் பள்ளி ஒன்றின் ஆசிரியை